உள்ளே செய்த நொதியை வெளியே அனுப்ப எந்த ஈஸ்ட்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை கடலூரிலிருந்து இரண்டு தம்பிகள் என்னைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்திருந்தார்கள். உயிர்த்தொழில்நுட்பம் படித்து முடித்தவர்கள், சின்னதாக ஒரு நொதி யூனிட் தொடங்கும் ஆசையில் இருப்பவர்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே நோட்டைப் பிரித்தார்கள். “அக்கா, ஃபைட்டேஸ் நொதியை ஈஸ்ட்டில் செய்யலாம்னு இருக்கோம். எந்த ஈஸ்ட் எடுக்கலாம்? பிக்கியாதான் நிறைய கொடுக்கும்னு ஒருத்தர் சொல்றார், பேக்கரி ஈஸ்ட்தான் சுலபம்னு இன்னொருத்தர் சொல்றார்.”

ஃபைட்டேஸ் நல்ல தேர்வுதான். சோயாப் புண்ணாக்கு, தவிடு, மக்காச்சோளம் இவற்றில் இருக்கும் பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் கிடக்கிறது. கோழியின் வயிற்றில் அந்தப் பூட்டைத் திறக்கும் நொதி போதாது. அதனால் பாஸ்பரஸ் எச்சத்தோடு வெளியே போய்விடுகிறது, பண்ணைக்காரர் மறுபடி காசு கொடுத்து பாஸ்பேட் வாங்கித் தீவனத்தில் கலக்கிறார். நொதியைக் கலந்தால் அந்தச் செலவு குறையும். தம்பிகள் முதலில் இறால் தீவனத்துக்கென்றுதான் திட்டம் போட்டிருந்தார்கள். இறாலின் குடலில் அமிலம் கிடையாது, இந்த நொதிகளோ அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும் என்று சொன்ன பிறகு கோழிப் பக்கம் திரும்பினார்கள். அது தனிக் கதை.

“எது நிறைய கொடுக்கும்?” என்பது அவர்கள் கேள்வி. நான் பதிலுக்குக் கேட்டது, “உங்க நொதி வழியில எங்க நிக்கும்?” ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷ வேலைக்குப் பிறகு நான் உறுதியாக நம்புகிறேன். அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால், ஈஸ்ட் செல்லுக்குள் ஒரு நொதி போகும் வழியை ஒரு முறை நடந்து பார்த்துவிட வேண்டும்.

கள்ளுப் பானையிலிருந்து தொடங்கலாம். புதுச்சேரியில் கள்ளுக்கடைக்கு இன்றும் அனுமதி உண்டு. பாளை சீவி வடியும் சாறு விடியற்காலையில் தித்திப்பாக இருக்கும், வெயில் ஏற ஏற நுரை கட்டும். பானைக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். அந்தச் சாற்றில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது நம் வீட்டுச் சர்க்கரையே. ஈஸ்ட் அதை அப்படியே விழுங்குவதைவிட, வாசலிலேயே குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் வெட்டி உள்ளே எடுத்துக்கொள்வதுதான் அதிகம். வெட்டும் கத்தி இன்வர்ட்டேஸ் என்ற நொதி. செல்லுக்குள் தயாரித்து, சவ்வைத் தாண்டி வெளியே அனுப்பி வைக்கிறது. ஆனால் இன்வர்ட்டேஸில் பெரும்பகுதி தண்ணீரில் கலந்து ஓடிவிடுவதில்லை. சவ்வுக்கும் தடித்த செல் சுவருக்கும் நடுவில் இருக்கும் குறுகிய இடத்தில் தங்கிவிடுகிறது. வீட்டுக் கதவைத் தாண்டியாயிற்று, காம்பவுண்டு சுவரைத் தாண்டவில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பேக்கரி ஈஸ்ட்டை ஐந்தாறு தடவை தண்ணீரில் அலசி, கடைசியாக அலசிய தெளிந்த நீரைத் தனியே எடுத்து வையுங்கள். ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரில் அந்த நீரை விடுங்கள், இன்னொரு டம்ளரில் அலசிய ஈஸ்ட்டையே கரையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து, சர்க்கரை நோய்க்காரர்கள் வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பில் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். ஸ்ட்ரிப் சுக்ரோஸைக் கண்டுகொள்ளாது, குளுக்கோஸைத்தான் காட்டும். ஈஸ்ட் போட்ட டம்ளரில் எண் ஏறும், அலசிய நீர் விட்டதில் அநேகமாக அசையாது. (அலசாமல் செய்தால் குழப்பும். உலர்ந்த ஈஸ்ட்டில் செத்த செல்கள் நிறைய இருக்கும், அவை உள்ளே இருப்பதையெல்லாம் கசியவிடும்.) நொதி செல்லோடுதான் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சரி, கதவு வரைக்கும் எப்படி வருகிறது? செல்லின் புரதப் பட்டறையான ரைபோசோமில் புரதம் உருவாகத் தொடங்கும்போதே அதன் முனையில் 20 அமினோ அமிலம் அளவுக்கு ஒரு முகவரிச் சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டைக் காட்டினால்தான் எண்டோபிளாச வலைக்குள், அதாவது புரதங்களை மடித்துத் தயாராக்கும் அறைக்குள், நுழைய முடியும். நுழைந்ததும் சீட்டைக் கிழித்துவிடுகிறார்கள். உள்ளே புரதம் மடிய வேண்டும், கந்தக முடிச்சுகள் சரியான இடத்தில் விழ வேண்டும். அதற்குக் கைகொடுக்கவே சில புரதங்கள் அங்கே இருக்கின்றன. அதே இடத்தில் 14 சர்க்கரை கொண்ட ஒரு மரக்கிளையை அப்படியே தூக்கி நொதியின்மேல் ஒட்டுகிறார்கள். சரியாக மடியாதது வெளியே இழுக்கப்பட்டுச் சிதைக்கப்படும். தேறியது சின்னப் பைகளில் ஏறி, சரக்கைத் திருத்திப் பிரித்து அனுப்பும் கோல்கை என்ற அடுத்த அறைக்குப் போகும். அங்கே மேலும் மேனோஸ் சர்க்கரை சேரும், தேவைப்பட்டால் முன்பகுதி வெட்டப்படும். கடைசியாக இன்னொரு பை, வளர்ந்துகொண்டிருக்கும் மொட்டின் பக்கம் நகர்ந்து, சவ்வோடு ஒட்டி, உள்ளே இருப்பதை வெளியே கொட்டும். தாய் செல்லில் உருவான நொதி பெரும்பாலும் பிள்ளையின் வாசல் வழியாகத்தான் வெளியேறுகிறது. முதல் தடவை படித்தபோது எனக்கு இந்த விஷயம்தான் மனதில் நின்றது.

இந்த வழியைக் கண்டுபிடிக்கவும் இன்வர்ட்டேஸ்தான் உதவியது. 1970களின் கடைசியில் ராண்டி ஷெக்மனும் அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த பீட்டர் நோவிக்கும், சாதாரண வெப்பத்தில் ஒழுங்காக வேலை செய்து, 37 டிகிரிக்குப் போனால் நொதியை வெளியே விடாமல் முடங்கும் ஈஸ்ட் திரிபுகளைத் தேடினார்கள். வெளியே போகாமல் சரக்கு தேங்கினால் செல் கனமாகிவிடும். கனமான செல்களைச் சுழற்றிப் பிரித்தெடுத்தார்கள். 1980இல் 23 மரபணுக்கள் கணக்குக்கு வந்தன. ஒவ்வொன்றும் வழியில் ஓரிடத்தைக் காட்டியது. ஒன்று பழுதானால் எண்டோபிளாச வலை வீங்கும், இன்னொன்று பழுதானால் செல் முழுக்கப் பைகள் குவியும். 2013இல் ஷெக்மனுக்கு, ஜேம்ஸ் ராத்மன், தாமஸ் சூடாஃப் ஆகியோரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. தேங்குவது எந்த இடம் என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வின் முறையே. தம்பிகளிடம் நான் கேட்டதும் அதையேதான்.

பேக்கரி ஈஸ்ட்டும் பிக்கியாவும்

பேக்கரி ஈஸ்ட், சாக்கரோமைசிஸ் செரிவிசியே, நமக்கு மிக நன்றாகத் தெரிந்த செல். 1996லேயே அதன் முழு மரபணுத் தொகுதியும் படித்து முடிக்கப்பட்டது. ஏதாவது கோளாறு வந்தால் யாராவது ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். வளர்ப்பது எளிது, ஆபத்து கிடையாது, உணவுப் பொருளுக்கு உரிமம் கேட்கும்போது இதன் பெயர் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மனித இன்சுலினையே 1980களிலிருந்து இதில் தயாரிக்கிறார்கள். அதாவது சின்னப் புரதம் என்றால் பேக்கரி ஈஸ்ட் தாராளமாக வெளியே விடும்.

இதில் இடர் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, மேலே சொன்ன காம்பவுண்டு சுவர். பெரிய, பல துண்டு சேர்ந்த நொதிகள் சுவருக்குள்ளேயே தங்கிவிடலாம். இன்னொன்று கோல்கை. பேக்கரி ஈஸ்ட்டின் கோல்கைக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியாது. ஒட்டிய கிளைமேல் மேனோஸை அடுக்கிக்கொண்டே போகும், ஒரே கிளையில் 50, 100, அதற்கும் மேல்.

இதை நான் கண்ணால் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பூஞ்சை நொதியின் மரபணுவை பேக்கரி ஈஸ்ட்டில் போட்டு, ஈஸ்ட் வளர்ந்த நீரை, புரதங்களைக் கனத்தின்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓடவிட்டேன். ஒல்லியாக ஒரு நீலக் கோடு வரும் என்று காத்திருந்தால், கோடே இல்லை. மேலிருந்து பாதி ஜெல் வரைக்கும் தண்ணீரில் மை சிந்தியதுபோல ஒரு கலங்கல். நொதி உருவாகவே இல்லை என்று நினைத்து அந்த ஜெல்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து, சர்க்கரையை வெட்டும் எண்டோ எச் நொதியோடு அதே மாதிரியை ஒரு மணி நேரம் வைத்து மறுபடி ஓடவிட்டபோது, கலங்கல் முழுவதும் சுருங்கி, எதிர்பார்த்த இடத்தில் பளிச்சென்று ஒரே கோடு. நொதி முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. ஒவ்வொரு மூலக்கூறும் வெவ்வேறு கனத்தில் சர்க்கரை மூட்டை சுமந்திருந்ததால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

மூட்டை கனமானால் எப்போதும் கெடுதல் என்று இல்லை. சில நொதிகளுக்கு அது வெப்பத்தைத் தாங்கும் தெம்பு கொடுக்கும். வேறு சில நொதிகளில் வேலை செய்யும் வாயையே மூடிவிடும். தீவனத்துக்கு இது பெரிய விஷயமில்லை, ஊசி மருந்துக்கு என்றால் மிகப் பெரிய விஷயம். அந்த மேனோஸ் அடுக்கின் நுனி நம் உடலுக்கு அந்நியமாகத் தெரியும்.

பிக்கியா பாஸ்டோரிஸ் வேறு குணம். (பெயரைக் கோமகட்டேலா என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் லேபில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.) 1970களில் பிலிப்ஸ் பெட்ரோலியம் என்ற எண்ணெய் நிறுவனம், மெத்தனாலைத் தின்று வளரும் இந்த ஈஸ்ட்டைக் கால்நடைத் தீவனப் புரதமாக்கப் பார்த்தது. எண்ணெய் விலை ஏறியதும் கணக்கு கட்டுப்படியாகவில்லை. அந்த வேலையில் கற்றுக்கொண்டது வீணாகாமல், பிறகு நொதி செய்வதற்குக் கைமாறியது. மெத்தனால் கிடைத்ததும் அதை எரிக்கும் நொதியைப் பிக்கியா அபாரமாகத் தயாரிக்கும். அந்த மரபணுவின் சுவிட்சை நம் நொதிக்கு மாட்டிவிட்டால், மெத்தனால் ஊற்றியதும் நம் சரக்கு ஓடத் தொடங்கும். ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் கொண்டுவந்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பிக்கியாவில் செய்ததுதான்.

பிக்கியாவின் பெரிய பலம் இரண்டு. சர்க்கரைக் கிளையில் பெரும்பாலும் 8 முதல் 14 மேனோஸோடு நிறுத்திக்கொள்ளும். தன் சொந்தப் புரதங்களை வெளியே அதிகம் விடாது. இந்த இரண்டாவதை அனுபவித்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். வளர்ப்பு நீரை வடித்தாலே அதில் இருக்கும் புரதத்தில் பெரும்பகுதி நம்முடையது, சுத்தப்படுத்தும் செலவு நன்றாகக் குறையும். பெர்மென்டர் என்ற வளர்ப்புத் தொட்டியில் லிட்டருக்கு 100 கிராம் உலர் எடைக்கு மேல் செல்கள் வளரும். ஃபைட்டேஸ் லிட்டருக்குக் கிராம் கணக்கில் வரும் என்பது பலர் செய்து காட்டியது. பேக்கரி ஈஸ்ட்டில் இதே அளவுள்ள பூஞ்சை நொதிகள் பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கோடு நின்றுவிடும்.

இங்கேதான் எல்லோரும் ஒரு தவறு செய்கிறோம். நானும் செய்தேன். பிக்கியாவில் மரபணுவை குரோமோசோமிலேயே செருகுவதால், ஒரு பிரதிக்குப் பதில் ஐந்து, பத்து என்று செருகிவிட முடியும். அதிகப் பிரதி உள்ள குளோனை, அதாவது ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டத்தை, தேடிப் பிடித்து, அதுதான் ராஜா என்று வளர்த்தேன். இரண்டு பிரதி உள்ள குளோனைவிடக் குறைவாகத்தான் வெளியே விட்டது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால் காரணம் புரியும். படகுகள் அடுத்தடுத்து வந்து சேரும்போது ஏலம் விடுபவர்கள் அதே இரண்டு பேர்தான் என்றால், மீன் கரையிலேயே கெட்டுப்போகும். எண்டோபிளாச வலையிலும் அதே கதை. மடித்துக் கொடுக்கும் கைகள் போதாமல் சரக்கு குவிந்தால் செல் அபாய மணி அடிக்கும், புதிதாகச் செய்வதைக் குறைத்து, குவிந்ததைச் சிதைக்கத் தொடங்கும். என் குளோனின் செல்களை உடைத்துப் பார்த்தபோது நொதி உள்ளேயே அடைந்து கிடந்தது. அன்றிலிருந்து நான் குளோன் தேடும்போது வெளியே வரும் அளவைத்தான் அளக்கிறேன், பிரதி எண்ணிக்கையை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன்.

மெத்தனாலும் மின்சாரமும்

ஆய்வுக் கட்டுரைகள் சொல்லாமல் விடுவது இந்தப் பகுதி. நம் ஊருக்கு இதுதான் முக்கியம்.

மெத்தனால் என்ற சொல்லை நம் வட்டாரத்தில் சாதாரணமாகச் சொல்ல முடியாது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில், சாராயத்தில் அது கலந்ததால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பது நமக்குத் தெரியும். அதை வாங்க, வைத்திருக்க, கணக்குக் காட்ட இருக்கும் கட்டுப்பாடுகள் நியாயமானவை. ஒரு சின்ன யூனிட் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். சுலபத்தில் தீப்பிடிக்கும் பொருளும்கூட.

அடுத்தது சூடு. மெத்தனாலை எரிக்கும் பிக்கியா ஏராளமான ஆக்சிஜனைக் கேட்கும், ஏராளமான சூட்டைக் கக்கும். அதற்குப் பிடித்தது 28 முதல் 30 டிகிரி. 32ஐத் தாண்டினால் நொதி குறையத் தொடங்கும். மே மாதம் கடலூரில் தகரக் கூரைக்குக் கீழே பெர்மென்டரை 28இல் நிறுத்த, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. சில்லருக்குக் கரண்ட் வேண்டும்.

கரண்ட் போனால்? பேக்கரி ஈஸ்ட் காற்றில்லாமலும் பிழைக்கும். சர்க்கரையைச் சாராயமாக்கிக்கொண்டு காத்திருக்கும். மெத்தனாலில் இருக்கும் பிக்கியாவுக்கு அந்த வழி இல்லை. காற்று நின்ற சில நிமிடங்களில் மெத்தனால் தேங்கத் தொடங்கும், தேங்கினால் செல்லுக்கே நஞ்சு. செத்த செல்லிலிருந்து புரதத்தைத் தின்னும் நொதிகள் கசிந்து, வெளியே சேர்ந்திருக்கும் நம் சரக்கையும் தின்றுவிடும். ஒரு மழை இரவில் ஜெனரேட்டர் எடுக்காமல் போனதில் ஐந்து நாள் வேலை எனக்கு அப்படித்தான் போனது. காலையில் பாத்திரத்தைத் திறந்தபோது வந்த வாடையே விஷயத்தைச் சொல்லிவிட்டது. 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சலையும் பார்த்த ஊர் நம்முடையது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மெத்தனால் ஓட்டம் வைக்காதீர்கள் என்று தம்பிகளிடம் அழுத்திச் சொன்னேன்.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. பிக்கியாவிலேயே மெத்தனால் சுவிட்சை விட்டுவிட்டு, குளுக்கோஸிலும் கிளிசராலிலும் எப்போதும் ஓடும் ஜிஏபி சுவிட்சை மாட்டலாம். வளர வளரவே நொதி வெளியே வரும், இரண்டு கட்டமாக ஓட்ட வேண்டியதில்லை, மெத்தனால் ஒரு சொட்டுகூட வேண்டாம். நொதி செல்லுக்கு நஞ்சாக இருந்தால் இது சரிப்படாது, செல் வளரவே வளராது. ஃபைட்டேஸ் அப்படி இல்லை. ஈஸ்ட்டே வெளியே விடும் அமில பாஸ்பேட்டேஸும், நாம் பயன்படுத்தும் பூஞ்சை ஃபைட்டேஸும் ஒரே குடும்பத்து நொதிகள். ஈஸ்ட்டுக்குப் பழகிய வழி இது.

மற்றவை சுருக்கமாக. க்ளூய்வெரோமைசிஸ் லாக்டிஸ் பால் சர்க்கரையில் வளரும். கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்துவந்த கைமோசினை, சீஸுக்குப் பால் உறைய வைக்கும் அந்த நொதியை, இந்த ஈஸ்ட்டில் தொழிற்சாலை அளவில் செய்கிறார்கள். ஆரோவில் பக்கம் சீஸ் செய்பவர்களுக்கு உணவு நொதி விற்கும் எண்ணமிருந்தால், சீஸ் வடித்த நீரையே இதற்குத் தீனியாக்க முடியுமா என்று நான் முதலில் பார்ப்பேன். ஈ. கோலை பாக்டீரியாவுக்கு இந்த எண்டோபிளாச வலையும் கோல்கையும் எதுவுமே கிடையாது, சர்க்கரை ஒட்டும் பூஞ்சை நொதிக்கு நான் அங்கே போக மாட்டேன். அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையை விலையில் யாரும் வெல்ல முடியாது. முதல் தீவன ஃபைட்டேஸ் 1991இல் சந்தைக்கு வந்ததே அதிலிருந்துதான். பெரிய நிறுவனங்களோடு கிலோ விலையில் மோதும் கனவு இருந்தால் விட்டுவிடுங்கள் என்று தம்பிகளிடம் நேராகவே சொன்னேன். பக்கத்துப் பண்ணைக்குத் திரவமாக, புதிதாக, தேவைப்படும் அளவில் கொடுப்பது வேறு தொழில். அதில் இடம் இருக்கிறது.

ஆக, என் தீர்ப்பு: ஃபைட்டேஸுக்குப் பிக்கியா, ஜிஏபி சுவிட்சோடு, இரண்டு மூன்று பிரதிக்கு மேல் ஆசைப்படாமல். மெத்தனால் முறை கொடுக்கும் உச்ச அளவு ஒருவேளை கிடைக்காது. தூங்கப் போகும்போது நிம்மதியாகத் தூங்கலாம். செய்ய வேண்டியது பெப்டைட் என்ற குட்டிப் புரதம் என்றாலோ, மாணவர்கள் கற்றுக்கொள்வதற்கு என்றாலோ பேக்கரி ஈஸ்ட் போதும். இன்வர்ட்டேஸே வேண்டுமென்றால் மரபணுவைத் தொடவே வேண்டாம், பேக்கரி ஈஸ்ட்டை வாங்கிச் சுவரை உடைத்தால் கிடைக்கும்.

எதை எடுத்தாலும் ஒரு சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் ஃபிளாஸ்க்கிலேயே மூன்று இடத்தில் நொதியை அளக்க வேண்டும். செல்களைச் சுழற்றி இறக்கி மேல் நீரில் ஒரு தடவை. பிறகு செல் வெடிக்காமலிருக்க சார்பிட்டால் கரைசலில் வைத்து, சுவரை மட்டும் கரைக்கும் நொதியைச் சேர்த்து, கழன்று வந்த நீரில் ஒரு தடவை. மிஞ்சியதைக் கண்ணாடி மணிகளோடு குலுக்கி உடைத்து ஒரு தடவை. மேல் நீரில் இருந்தால் வேலை முடிந்தது. சுவரில் இருந்தால், உடைத்து எடுப்பது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போடலாம். உள்ளே இருந்தால் பிரதியைக் குறையுங்கள், வெப்பத்தை இறக்குங்கள், முகவரிச் சீட்டை மாற்றிப் பாருங்கள். மூன்றிலும் இல்லையென்றால் மட்டுமே மரபணுவைச் சந்தேகப்பட வேண்டும்.

மரபணு மாற்றிய உயிரியோடு வேலை என்பதால், 1989 விதிகளின்படி உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு குழாயைக்கூடத் திறக்க முடியாது. தம்பிகள் குழு உள்ள ஒரு கல்லூரியோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று இரவு போன் வந்தது. “அக்கா, அலசின தண்ணியில ஸ்ட்ரிப் ஒண்ணுமே காட்டல. ஈஸ்ட் போட்டதுல எண் ஏறிக்கிட்டே போகுது. இப்ப சுவரைக் கரைக்கிற நொதி எங்க வாங்கறது?”